மூன்று விரல் குறைவு

லிண்டால், நெப்ராஸ்கா
செப்டம்பர் 19, 1954

அன்பு மருமகன் ஹார்லன் ஜெப்ஸனுக்கு,

உன் மாமன் விக்கோ லுண்ட், இரண்டு பல் குறைவாகவும் மற்றதெல்லாம் நிறைவாகவும் இருந்து எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, பசுக்கள் எல்லாரும் சுகம். உன் வயிறு எப்படி இருக்கிறது? பட்டாளத்தில் வெண்ணெய் என்ற பெயரில் எதையோ ரொட்டியில் தடவுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்று முழுக்கத் தொப்பியைக் கழற்றி வைத்துத் துக்கம் காத்தேன்.

மருமகனே, உட்கார்ந்துகொள். இதுவரை யாரும் நம்பாத, இனிமேலும் யாரும் நம்பப்போகாத ஒரு கதையை உனக்குத் தவணை முறையில் சொல்லப்போகிறேன். நம் வெண்ணெய்க் கூட்டுறவுச் சங்கத்துக் கொடிமரத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். லிண்டால் கல்லூரிப் பந்தாட்ட அணி இந்த வருஷம் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கப்போவதில்லை.

அணிக்கு பஸ் ஓட்டுவது இந்த வருஷமும் நான்தான். ஆகவே நான் எழுதுவதெல்லாம் கண்ணால் கண்டது. நேற்று முதல் ஆட்டம். நம் பையன் டெல்மர் பந்தை ஓர் உதை உதைத்தான். பந்து மேலே போயிற்று. போயிற்று என்றால் போயே போயிற்று. நடுவர் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி வானத்தைப் பார்த்தார். கடைசியில், "வேற பந்து இருந்தா குடுங்கப்பா, எனக்கும் வீடு வாசல் இருக்கு" என்றார். வேறு பந்தில் ஆடி ஜெயித்தோம். பழையது இதை எழுதும் வரை இறங்கவில்லை. உன் பக்கம் விழுந்தால் எடுத்து வை. கல்லூரிச் சொத்து.

நவம்பர் இருபதாம் தேதி கோல்பர்ன் கல்லூரிக்காரர்கள் இங்கே வருகிறார்கள். ஜெயிப்பவர்கள் வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளும் அந்த வெண்ணெய் கடையும் பீப்பாய் இரண்டு வருஷமாக அவர்களிடம் கைதியாக இருக்கிறதல்லவா, அதை மீட்டே தீருவோம்.

காதைச் சுத்தமாக வைத்துக்கொள். பெரியவர்கள் சொல்வது உள்ளே போக வழி வேண்டும்.

உன் மாமன்,
விக்கோ


பூசான், கொரியா
செப்டம்பர் 30, 1954

மாமாவுக்கு வணக்கம்.

நலமாக இருக்கிறேன். இங்கே சண்டை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் கிடங்கில் கம்பளிகளையும் பூட்ஸ்களையும் காவல் காக்கிறேன். அவை ஓடிப்போக முயலவில்லை.

பந்து இந்தப் பக்கம் விழவில்லை. நீங்கள் சொன்னதைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, மிச்சத்தை அம்மாவிடம் கேட்டுச் சரிபார்ப்பதுதான் வழக்கம். ஆனால் அம்மாவின் கடிதங்களில் மழை, பனி, காற்று தவிர வேறு ஒன்றும் இருப்பதில்லை.

டிசம்பரோடு என் இரண்டு வருஷம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் ஜெர்மனிக்கு அனுப்புவதாக கேப்டன் சொல்கிறார். யோசிக்கிறேன். லிண்டாலில் எனக்கு அவசரமாக ஒன்றும் இல்லை.

மைதானத்தில் அளவுச் சங்கிலியை இப்போது யார் பிடிக்கிறார்கள்?

உங்கள் பல்லுக்கு வைத்தியம் பாருங்கள்.

ஹார்லன்


லிண்டால்
அக்டோபர் 10, 1954

அன்பு மருமகனே,

பல்லைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கியவர் அதை அருங்காட்சியகத்துக்குக் கேட்டார், தரவில்லை. நானும் உன் அம்மாவும் பசுக்களும் சுகம். டாக்மர் என்ற செவலைப் பசு மட்டும் கொஞ்சம் கர்வமாக இருக்கிறாள்.

ஜெர்மனியா? அங்கே உனக்கு யாரடா இருக்கிறார்கள்? நம் முன்னோர்கள் டென்மார்க்கிலிருந்து இத்தனை கடல் தாண்டி வந்ததே ஜெர்மன்காரன் பக்கத்தில் இருக்க முடியாமல்தான். பீப்பாய் திரும்பி வரும் வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. பேனாவுக்கு மையில்லை என்று சொல்.

நான்காவது ஆட்டம் நேற்று. மழை பெய்து ஓய்ந்த சூட்டில், மைதானத்தை ஒட்டிய சோளக்காடு இடைவேளைக்குள் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. கடைசிப் பகுதி ஆட்டத்தை ஜனங்கள் தண்டின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். முடிதிருத்தும் கிளைட் மேலே ஏறினவர், பயிர் வளர்ந்த வேகத்தில் இறங்க முடியாமல் அங்கேயே சாப்பிட்டார். பயிற்சியாளர் ப்ளூம் கீழேயிருந்து கத்தினார்: "விக்கோ, எவன் பந்தை வெச்சிருக்கான்னு மேல கேட்டுச் சொல்லுய்யா!" "யார் வெச்சிருந்தா என்ன, நம்ம ஜெயிச்சாச்சு!" என்றேன். அப்படியே ஆயிற்று.

சங்கிலியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய ஆள்தான் பிடிக்கிறார். இந்த ஊரில் அந்தச் சங்கிலிக் கோலைத் தொட வேறு யாருக்குத் தைரியம் இருக்கிறது? சுகமாகத்தான் இருக்கிறார். அதாவது, பேசவில்லை.

கால் நனைந்தால் உடனே துடை.

விக்கோ மாமா


பூசான்
அக்டோபர் 20, 1954

மாமாவுக்கு,

நலம். கால் நனையவில்லை.

கிடங்கில் என்னோடு பாக் என்று ஒரு கொரியர் வேலை பார்க்கிறார். நிறையக் கேள்வி கேட்பார். உங்கள் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். சோளத்தை நம்பினார். எங்கள் ஆட்டத்தைத்தான் நம்பவில்லை. கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற பந்துக்கு ஏன் காலின் பெயர் வைத்தீர்கள் என்றார். எனக்கும் தெரியாது.

விதியைச் சொன்னேன். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். சந்தேகம் வந்தால், இரண்டு பக்கமும் கோல் கட்டிய பத்து கெஜச் சங்கிலியைக் கொண்டுவந்து அளப்பார்கள்.

பிறகு, கேட்காமலே, ஐம்பத்திரண்டாம் வருஷத்துக் கோல்பர்ன் ஆட்டத்தையும் சொல்லிவிட்டேன். கடைசி நிமிஷம், நாலாவது முயற்சி, பந்து என் கையில். விழுந்தேன். அளந்தார்கள். மூன்று விரல் குறைவு. முன்கோலைப் பிடித்திருந்தவர் என்னைப் பெற்றவர். நடுவர் வாய் திறக்கும் முன்பே இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். வீட்டுக்குப் போகும்போது லாரியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறமும் பேசவில்லை. கிளைட் கடைக்கு முடிவெட்டப் போனேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார்கள். மாதாகோவில் வாசலிலும் காட்டினார்கள். அடுத்த மாதம் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்தேன். இங்கே சாப்பாட்டு வரிசையில் எவனாவது மூன்று ரொட்டி கேட்டு விரல் காட்டினால் எனக்கு இன்னும் காது சூடாகிறது.

பாக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்: "சரி, அந்தச் சங்கிலிய யார் அளப்பாங்க?"

சிரித்துவிட்டேன். உங்களுக்கும் சிரிப்பு வரும் என்று எழுதுகிறேன்.

ஹார்லன்


லிண்டால்
அக்டோபர் 31, 1954

அன்பு மருமகனே,

உடம்பு சுகம். மனசும் ஏறக்குறைய சுகம்.

பாக் சொன்னதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். நல்ல சிரிப்பைத் தனியாக வைத்துக்கொள்வது பாவமில்லையா? இன்று ஞாயிறு, உங்கள் வீட்டில் பகல் விருந்து. பன்றி வறுவலும் சிவப்பு முட்டைக்கோஸும் நடுவில் இருக்க, அந்தக் கேள்வியை மட்டும் உரக்கப் படித்தேன். மற்றதைப் படிக்கவில்லை, பயப்படாதே.

உன் அம்மா சிரித்தாள். உன் அப்பாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

"என்ன மச்சான், முட்டைக்கோசுல முள்ளா?" என்றேன்.

"எண்ணித்தான் மாத்தினேன்" என்றார்.

"எதை?"

"மூணு வளையம் அறுந்துச்சு. மூணு போட்டேன்."

உன் அம்மாதான் எனக்கு விளக்கினாள். குளிர்காலத்தில் சங்கிலி உங்கள் கொட்டகையில்தானே தொங்கும்? ஐம்பத்திரண்டு ஜனவரியில், பனியில் புதைந்த பால் லாரியை இழுக்கக் கைக்கு அகப்பட்டது அதுதான். அறுந்துபோயிற்று. உன் அப்பா புது வளையங்கள் வாங்கிவந்து, அவரே சேர்த்து, மறுபடி ஆணியில் மாட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பா எதை யாரிடம் சொன்னார்?

ஆப்பிள் பணியாரம் வரும் முன்பே எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். நடுப்பகலில் லாந்தர் ஏற்றிக்கொண்டு போனார். அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் சாப்பிட வேண்டியதாயிற்று. குடும்பத்துக்காக எதையும் செய்வேன்.

நேற்றைய ஆட்டத்தில் சேறு அதிகம். நம் ஆள் ஒருவன் இடுப்பு வரை புதைந்தான். வசந்தத்தில் முளைப்பான் என்று விட்டுவிட்டு வந்தோம். ஜெயம் நமக்கே.

கம்பளிகளில் நல்லதாக ஒன்றை நீயே போர்த்திக்கொள்.

விக்கோ மாமா


பூசான்
நவம்பர் 9, 1954

மாமாவுக்கு,

நலம்.

டிசம்பர் நாலாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேப்டன் காகிதத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டார். போட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

வளையம், லாந்தர் எல்லாம் எனக்காக நீங்கள் கட்டிய கதை என்று தெரிகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் இது சோளக் கதை போல இல்லை மாமா. இதில் விளையாட வேண்டாம்.

ஹார்லன்


லிண்டால்
நவம்பர் 14, 1954

அன்பு மருமகனே,

உன் பதில் வரும் வரை காத்திருக்கப் பொறுமையில்லை. இங்கே எல்லாரும் சுகம்.

பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் விழா ஆட்டம் நேற்று. கல்லூரியின் முதல் மாணவர்கூட வந்திருந்தார். அவருக்கு இருநூற்றுப் பத்து வயசு. நம் அணி அடித்த கணக்கை எழுதப் பலகையில் இடம் போதாமல் பக்கத்து மாவட்டத்தில் எழுதினார்கள்.

உன் அப்பா நேற்றுச் சங்கிலி பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் பிடிக்காத முதல் ஆட்டம் இதுதான். பயிற்சியாளர் ப்ளூமிடம் போய், "வேற சங்கிலி வாங்குங்க" என்று மட்டும் சொன்னாராம். ஏன் என்று கேட்டதற்கு, "வாங்குங்க" என்றாராம். வெள்ளிக்கிழமை இரும்புக்கடையில் எஃகு அளவுநாடா ஒன்று வாங்கினார். அதை வைத்து என்ன செய்தார் என்று எழுதக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே நான் எழுதவில்லை என்பதை இதன்மூலம் எழுதிக்கொள்கிறேன்.

இன்னொன்று. கொட்டகையில் டாக்மரிடம் பேசுகிறார். பால் கறக்கும்போது "நகருடி" என்பாரே, அது இல்லை. எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஆளிடம் பேசுவது போலப் பேசுகிறார். டாக்மருக்குக் கர்வம் வராமல் என்ன செய்யும்?

சளி பிடித்தால் வெங்காயம் சாப்பிடு. நண்பர்கள் விலகுவார்கள், சளியும் விலகும்.

விக்கோ மாமா


லிண்டால்
நவம்பர் 21, 1954

அன்பு மருமகனே,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் சொல்லாதே என்று நீ எழுதவில்லை. ஆகவே அன்று மாலையே சொல்லிவிட்டேன். அவர், மாதாகோவிலுக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டைத் தூசி தட்டி வெளியே மாட்டினார்.

நேற்றுக் கோல்பர்ன் ஆட்டம். கூட்டம் நாற்பதாயிரம். மரங்களில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. வழக்கம் போல ஆட்டத்துக்கு முன்னால் பீப்பாயைக் கொண்டுவந்து மைதானத்தின் நடுவில் வைத்தார்கள். இரண்டு அணித் தலைவர்களும் கைகொடுக்க நின்றார்கள். அப்போது உன் அப்பா ஓரக்கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தார். மாதாகோவில் கோட்டு, தோளில் பழைய சங்கிலி, கையில் அளவுநாடா.

நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னங்க தோர்வால், ஆட்டம் ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிங்க. சங்கிலி தப்பு. சொல்லிட்டுப் போறேன்."

"அதான் புதுசு வந்தாச்சே."

"இதுலதான் ஐம்பத்திரண்டுல அளந்தோம்."

சங்கிலியைப் பீப்பாய் பக்கத்தில் இழுத்து விரித்தார். அளவுநாடாவைப் பக்கத்தில் விரித்தார். நடுவர் குனிந்து பார்த்தார். இரண்டு அணித் தலைவர்களும் குனிந்து பார்த்தார்கள். அறுந்தது மூன்று வளையம், போட்டதும் மூன்று வளையம், எண்ணிக்கையில் பிசகில்லை. புது வளையம் ஒவ்வொன்றும் பழையதைவிடக் கொஞ்சம் நீளம். அதைத்தான் அந்த மனுஷன் பார்க்கவில்லை.

அப்புறம் எழுந்து கூட்டத்தைப் பார்த்து நின்றார். கையைத் தூக்கினார். மூன்று விரல் என்று நினைத்து எவனோ சிரிக்க ஆரம்பித்தான். பார்த்தால் நாலு.

"மூணு இல்ல. நாலு. சங்கிலி நாலு விரல் நீளம். பையன் தாண்டிட்டான்."

அவ்வளவுதான் பேசினார். அவர் வாழ்நாளில் இதுவே நீளமான சொற்பொழிவு. கிளைட் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கோல்பர்ன் பயிற்சியாளர் பதறிப்போய், "பழைய ஆட்டம் பழைய ஆட்டந்தாங்க, பீப்பாயத் தர முடியாது" என்றார்.

"பீப்பாய் யாருக்கய்யா வேணும்?" என்று சொல்லிவிட்டு உன் அப்பா வெளியே வந்துவிட்டார்.

பிறகு ஆட்டம் நடந்தது. கடைசி நிமிஷத்தில் செப்டம்பரில் போன பந்து இறங்கியது, வாத்துச் சிறகு ஒட்டிக்கொண்டு, நேராக டெல்மர் கையில். ஜெயித்தோம். பீப்பாய் ஆனந்தக் கண்ணீர் விட்டது. மோராக இருக்கலாம்.

இந்தப் பொட்டலத்தில் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. பழுது பார்த்த மூன்றில் ஒன்று. இன்று காலை அறுத்து எடுத்தார். பொட்டலத்தைக் கட்டியது நானில்லை.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் வளையத்தைக் கையில் வைத்துப் பார்.

விக்கோ மாமா


பூசான்
டிசம்பர் 3, 1954

மாமாவுக்கு,

நலம். பொட்டலம் இன்று காலை வந்தது.

மேல் முகவரியில் ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு இருக்கிறது. நம் ஊரில் அப்படி எழுதுகிறவர் ஒருவர்தான். வளையத்தைப் பாக்கிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ ஒரு விரல் தாண்டியிருக்கீங்க" என்றார். ஆமாம் என்றேன். கேப்டனின் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் இருபத்தெட்டில் கப்பல். ஜனவரி பதினெட்டாம் தேதி மதியம் ஓமஹாவில் ரயில் இறங்குவேன். நீங்கள் வந்தால் நல்லது. வீட்டில் அப்பாவைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது.

வளையத்தை நம்புகிறேன். அவர் மைதானத்துக்குள் நடந்ததையும் நம்புகிறேன், அந்த மாதாகோவில் கோட்டோடு. நாற்பதாயிரம் பேரை நம்பவில்லை. எட்டு ஆட்டமும் ஜெயித்ததை நம்பவில்லை. எல்லாவற்றையும்விட, பசுவை நம்பவில்லை. அப்பா மனிதர்களிடமே பேசமாட்டார். கப்பல் ஏறும் முன் ஒரு தடவையாவது நிஜத்தை எழுதுங்கள்.

ஹார்லன்


லிண்டால்
டிசம்பர் 12, 1954

அன்பு மருமகனே,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழுதுகொண்டே போய் ஜனவரிக்கு வேண்டிய ரொட்டியை இப்போதே சுடுகிறாள். கப்பலில் மேல்தட்டில் நிற்காதே, காற்று ஆகாது.

நிஜத்தைக் கேட்டாய். என் வாழ்க்கையில் இப்படி யாரும் என்னை அவமானப்படுத்தியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். எட்டு ஆட்டம் ஆடினோம், எட்டிலும் தோற்றோம். டெல்மர் உதைத்த பந்து அடுத்த மூச்சில் இறங்கி அவன் தலையிலேயே விழுந்தது. சோளம் அறுவடையாகி வெறும் தட்டைதான் நின்றது. சேற்றில் யாரும் புதையவில்லை, என் பஸ்தான் புதைந்தது. கோல்பர்ன் ஆட்டத்துக்கு வந்தது இருநூறு பேர், கூட நாய்கள். உன் அப்பா பேசிவிட்டு வந்த பிறகு நம் பையன்கள் வீராவேசமாக ஆடி, வழக்கத்தைவிட மோசமாகத் தோற்றார்கள். பீப்பாய் கோல்பர்னுக்கே திரும்பப் போயிற்று. கண்ணீர் விடவில்லை.

ஓமஹாவுக்கு நான் வரவில்லை. உன் அப்பா லாரியில் வருகிறார். "நானும் வரட்டுமா மச்சான், வழியில பேச்சுத் துணைக்கு?" என்றேன். "பேச்ச நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்றுதான் நீ நம்பமாட்டேன் என்கிறாய். நேற்று மாலை கொட்டகைக் கதவுக்குப் பின்னால் நின்று என் காதாலேயே கேட்டேன். முக்காலி, முழங்காலில் தொப்பி, எதிரில் டாக்மர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வாடா" என்றார். சரியாக வரவில்லை போலிருக்கிறது. மறுபடி, "வாப்பா" என்றார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "எண்ணினேன், அளக்கல" என்றார். அப்புறம் அவளுடைய நெற்றியைத் தடவி, "பசிக்குதா?" என்று கேட்டார்.

நான் எழுதியதில் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடு, மருமகனே. பசு மட்டும் நிஜம்.

உன் மாமன்,
விக்கோ